சி.ஆர். ஆகச் சொல்கிறார்கள், ஆகலாமா?

கேள்வி, 8 ஜூலை 2025

திருவாரூர் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாமாண்டு சேர்ந்திருக்கிறேன். வகுப்பு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று டியூட்டர் என்னை எழுப்பி, "நீ சி.ஆர்.-ஆ இரும்மா" என்றார், அதாவது வகுப்புப் பிரதிநிதி. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துச் சொன்னார் போல. அப்பா வேண்டாம் என்கிறார். "ஊர் வேலையை இழுத்துப் போட்டுக்காத, படிக்கிற வழியைப் பாரு" என்று ஒரே பிடி. சீனியர் அக்கா ஒருவர், சர்டிபிகேட் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்கிறார். நிஜமாக என்ன பயன்? இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 8 ஜூலை, இரவு

இருந்திருக்கிறேன். 2016-லிருந்து 2019 வரை மூன்று வருஷமும். டெல்டாவில் ஓர் அரசுக் கல்லூரி, பெயர் வேண்டாம்.

சர்டிபிகேட்டை மறந்துவிடு. என்னுடையது பீரோவில் ரேஷன் கார்டு நகலுக்கு அடியில் கிடக்கிறது. நான் குரூப் 4 எழுதி வேலைக்கு வந்தவள். அதில் நேர்முகத் தேர்வே கிடையாது, எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் எல்லாம். சி.ஆர். ஆக இருந்தாய் என்று அரை மதிப்பெண் கூடப் போட மாட்டார்கள்.

ஆனாலும் இரு என்றுதான் சொல்வேன். ஏன் என்று நாளைக்கு. உலை கொதிக்கிறது.

9 ஜூலை

முதலில் வேலை என்ன என்று தெரிந்துகொள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சாக்பீஸ் வாங்கி வர வேண்டும். டஸ்டரைத் தேட வேண்டும். நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து அறுபது பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இன்டர்னல் தேதியை வாட்ஸ்அப்பில் போட வேண்டும், போட்ட பிறகும் "எப்போடி இன்டர்னல்?" என்று கேட்கிற இருபது பேருக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் முழுக்க நான் செய்தது இவ்வளவுதான். சுத்தமான எடுபிடி வேலை.

பிரதிநிதி என்கிறார்கள். யாருக்குப் பிரதிநிதி? சார் சொல்வதை வகுப்புக்குச் சொல்கிறவளா, வகுப்பு சொல்வதைச் சாருக்குச் சொல்கிறவளா? இரண்டாம் வருஷம் தாழ்ப்பாள் விவகாரம் வரும்வரை எனக்கு இந்தச் சந்தேகமே எழவில்லை.

10 ஜூலை

தாழ்ப்பாள் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பெண்கள் கழிப்பறை நான்கு. அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் ஏறியதிலிருந்து வீடு திரும்புகிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். துறைத்தலைவரிடம் சொன்னேன், எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். கட்டட வேலை நம் கையில் இல்லை, மேலே எழுத வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். மூன்று மாதம் நடந்தேன். எப்போது போனாலும் "போயிருக்கு" என்ற ஒரே பதில். கடைசியில் ஆளுக்கு ஐந்து ரூபாய் வசூல் செய்து, இரண்டு தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கி, அண்ணனின் ஸ்குரூ டிரைவரை டிபன் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோய் நாங்களே மாட்டினோம். அன்று என்னைத் தோளில் தூக்காத குறை.

இப்போது யோசித்தால் அது தோல்வி. கொடுத்த தாளுக்கு நான் அலுவலகப் பதிவு எண் வாங்கவில்லை, நகலும் வைத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்தக் கழிப்பறையில் ஒரு குறையும் இருந்ததே இல்லை. அடுத்த வருஷம் மற்ற இரண்டும் பெயர்ந்தபோது திரும்ப முதலிலிருந்து.

11 ஜூலை

ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்: "பிள்ளைகள் அவஸ்தைப்படும்போது நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா?"

நியாயம்தான். தோல்வி என்றது பெரிய வார்த்தை, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாழ்ப்பாளும் மாட்டியிருக்க வேண்டும், எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். மாட்டியாகிவிட்டது, இனி எண் எதற்கு என்று விட்டதுதான் பிசகு.

13 ஜூலை, ஞாயிறு

இந்த எண் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இப்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் வாங்கிய மனுக்கள் எங்களுக்கு வந்து சேரும். அவற்றைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலை.

மனு கொடுக்கிறவர்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் வந்து நின்று அழுவார்கள், திட்டுவார்கள், தாத்தா காலத்துக் கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். கையில் இருக்கும் தாளில் தேதி இருக்காது, என்ன வேண்டும் என்ற வரியும் இருக்காது. இன்னொரு ரகம், "போன மாதம் கொடுத்தேன், இதோ ஒப்புகைச் சீட்டு, ந.க. எண் இது, இப்போது எந்த மேசையில் இருக்கிறது?" என்பார்கள். இரண்டாம் ரகத்தைப் பார்த்தால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதுகு நிமிரும். நல்லவர்கள், கெட்டவர்கள் என்ற பேச்சே இல்லை. எண் இருக்கிற தாளைத் தொலைத்தால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அறுபது வயது ஆனவர்களுக்குக்கூட இது தெரியாது. நான் பத்தொன்பது வயதில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். சி.ஆர். ஆக இருந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது. தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி என்று போஸ்டரில் போடுகிறார்களே, அதெல்லாம் வந்ததா என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

16 ஜூலை

பஸ் கதை. இதில்தான் முதன்முதலாக ஒழுங்காகச் செய்தேன்.

எங்களுக்கு முதல் ஷிப்ட், வகுப்பு 1.30-க்கு முடியும். கடைமடைப் பக்கத்து ஊர்களுக்குப் போகிற டவுன் பஸ் 1.20-க்குக் கிளம்பிவிடும். அடுத்தது 2.50. வெறும் வயிற்றோடு எண்பது நிமிஷம் நிற்க முடியாமல் பாதிப் பேர் கடைசி மணியை விட்டு ஓடிவிடுவார்கள். மூன்றாம் வருஷம் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, 75 சதவீதம் இல்லாமல் அபராதம் கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே தடத்துப் பிள்ளைகள் என்று கண்டுபிடித்தேன். அவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

முதல்வரிடம் போனோம். பஸ் என் கையிலா இருக்கிறது என்றார், ஆனால் மேற்குறிப்பு எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். டெப்போவில் மேலாளர், "எல்லாம் பாஸ் கூட்டம். எத்தனை பேர் ஏறுவீங்க, எழுதிக் கொண்டு வாங்க" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். நாங்கள் நிஜமாகவே ஐந்து நாள் நிறுத்தத்தில் நின்று எண்ணினோம். தினம் எழுபது பேருக்குக் குறையாது. ஊர்வாரியாகப் பட்டியல் போட்டு மனுவோடு இணைத்தோம். எண் வாங்கினோம். பஸ் 1.40-க்கு மாறியது.

17 ஜூலை

உன் கேள்விக்கு நேராக வருகிறேன் தங்கச்சி. சி.ஆர். மட்டும்தான் பிரதிநிதி என்று நினைக்காதே. கல்லூரியில் சட்டப்படியே மாணவருக்கு நாற்காலி போட வேண்டிய இடங்கள் உண்டு. பல கல்லூரிகளில் பெயரை எழுதி வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கே தெரிவிக்க மாட்டார்கள்.

ராகிங் தடுப்புக் குழுவில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிப்படி, சீனியர்களோடு முதலாமாண்டு மாணவரும் இருக்க வேண்டும். அதற்கு நீ முதலாமாண்டு என்பதே தகுதி. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு 2015 விதி. விவகாரம் மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று மூன்று மாணவர்கள், அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், உட்கார வேண்டும். மாணவர் குறைதீர் குழு 2023 விதியில் வருகிறது. ஒரு மாணவரைச் சிறப்பு அழைப்பாளராக வைக்க வேண்டும், புகார் வந்து 15 வேலை நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் திருப்தி இல்லாவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் சான்றுக்காக வைத்திருக்கும் உள்தர உறுதிக் குழுவிலும் மாணவர் ஒருவர் உண்டு.

ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் உள்ளகக் குழுவை எடு. ஆனால் அங்கே கேட்டதை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. வாயை அடக்க முடியும் என்றால் மட்டும்.

17 ஜூலை, பிற்பாடு

நாக் என்றதும் ஞாபகம் வந்தது. குழு வருகிற வாரம் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, வகுப்பு ரெப்களைப் புடவை கட்டி வரச் சொல்லி, என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லப் பழக்கினார்கள். ஒருத்தி பயத்தில், பெயர் கேட்டதற்கும் அதையே சொன்னாள்.

20 ஜூலை

அப்பா பயப்படுவதில் ஆச்சரியமில்லை. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு மாணவர் தலைவர் என்றால் வேறு நினைவு வரும். 1965 ஜனவரி 27-ல் சிதம்பரத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். என் தாத்தா இறக்கும்வரை அதைச் சொல்லித்தான் அத்தைகளைக் கல்லூரிக்கு அனுப்ப மாட்டேன் என்றாராம்.

அதற்கு நேர் எதிர் என் மாமா. எழுபதுகளின் கடைசியில் கல்லூரி சேர்மன் தேர்தலில் நின்றார். அப்போதெல்லாம் சேர்மன் என்றால் சும்மா இல்லை, மாலை, ஜீப், மைக் செட், சுவரெல்லாம் பெயர். நோட்டீஸ் அடிக்கப் பத்தாயத்திலிருந்து ஆறு மூட்டை சம்பா நெல்லை இரவோடு இரவாக வண்டியேற்றிவிட்டார். ஜெயித்தார். ஒரு பேப்பர் அரியர் விழுந்தது, அதை இன்றுவரை எழுதவில்லை. டீக்கடையில் இன்னும் "சேர்மன், சக்கரை கம்மியா?" என்றுதான் கேட்கிறார்கள். லாபமா நஷ்டமா என்று அவரைக் கேட்டால் மீசையைத் தடவுகிறார்.

இப்போது அந்த ஆட்டம் செல்லாது. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரையை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். 75 சதவீத வருகை வேண்டும், நிற்கிற வருஷத்தில் அரியர் இருக்கக் கூடாது. மாமாவிடம் சொன்னேன். "அப்ப எவன்டி நிப்பான்?" என்றார். நம் பக்கத்து அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் தேர்தலே நடப்பதில்லை என்பது வேறு விஷயம். உன்னையே பார், மதிப்பெண்ணைப் பார்த்து எழுப்பியிருக்கிறார்கள்.

22 ஜூலை

பணத்தை மட்டும் தொடாதே. தொட்டால் அன்றன்றைக்கு எழுதி வை. பேர்வெல் வசூலில் எனக்கு 340 ரூபாய் துண்டு விழுந்தது. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று எழுதாமல் மனக்கணக்காக வைத்திருந்தேன். என் கையிலிருந்துதான் போட்டேன். போட்ட பிறகும் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடத்தில் படித்திருப்பாய். குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், கால் வேலியாவது வரி கட்டுகிற நிலம் வேண்டும். அதெல்லாம் கிடக்கட்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது. அந்த 340 ரூபாய்க்கு என் சித்தி பிள்ளைகள் வரை தள்ளி வைத்திருப்பார்கள்.

27 ஜூலை

நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அங்கே படிக்கவில்லை. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 2009 சட்டத்திலேயே மாணவர் மன்றம் இருக்கிறது. கல்விக் குழு நியமிக்கும் 20 பேர், மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் 20 பேர், தலைவர் மாணவர் நல டீன். மன்றத்தில் இல்லாத மாணவரும் தலைவர் அனுமதித்தால் ஒரு விஷயத்தைக் கொண்டுபோய்ப் பேசலாம். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் அடிக்கோடு போடுவேன்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

படித்துறையில் கூட்டம் தாங்கவில்லை. காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "எண்ணினது நீயாடி?"

என் வகுப்புத் தோழி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இங்கே எழுதுவதையெல்லாம் வாசித்திருக்கிறாள். மீதி நாளைக்கு.

4 ஆகஸ்ட்

திருத்தம். ஜூலை 16-ல் எழுதியதில் மூன்று தப்பு.

பதிவேட்டில் அந்தத் தடத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அவள். அவளும் அபராதம் கட்டுகிற பட்டியலில் இருந்தவள்தான், அதனால்தான் அவள் கண்ணில் பட்டது. எனக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு.

நிறுத்தத்தில் நின்று எண்ணியதும் அவள். நான் ஐந்து நாளில் ஒரு நாள் போனேன், அன்றைக்கும் பாதியில் கரும்புச்சாறு குடிக்கப் போய்விட்டேன் என்கிறாள். இருக்கும்.

எழுபது பேரும் இல்லை. நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள், படம் அனுப்பினாள்: 43, 51, 47, 46, 38. நான் பொய் சொல்லவில்லை, ஏழு வருஷத்தில் கூட்டம் தானாகச் சேர்ந்திருக்கிறது.

மனுவில் கையெழுத்து என்னுடையது. சர்டிபிகேட்டும் எனக்கு. அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ரெப் ஆவதன் பயன் என்ன என்று கேட்டாயே, இதுவும் ஒன்று: அடுத்தவள் வேலைக்கு உனக்குப் பெயர் வரும். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். எனக்குத்தான் கயிறு கட்டிய கை ஒரு மாதிரி இருந்தது.

அவளிடம் கேட்டேன், நீயே ரெப் ஆக இருந்திருக்கலாமே என்று. "என்னை யாரு எழுப்பினா?" என்றாள்.

9 ஆகஸ்ட்

அவள் போட்ட ஊர்வாரிப் பட்டியலைப் பற்றி இன்னொன்று. தீபாவளி முடிந்து நேரத்தை மாற்றுகிறோம் என்று டெப்போவில் சொல்லியிருந்தார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. வேதாரண்யம் பக்கம் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. எங்களுக்கு செமஸ்டர் தேர்வு நேரம். தேதி தள்ளிப்போனது எங்களுக்குத் தெரியும், கரையோரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன் சார்ஜ் போடக் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. கூரை போன வீட்டிலிருந்து ஒருத்தி தேர்வு என்று நம்பி நடந்து கிளம்பிவிட்டால்?

எந்த ஊரில் யார் என்ற பட்டியல் கல்லூரி அலுவலகத்தில் உடனே எடுக்கிற மாதிரி இல்லை. பஸ் மனுவின் நகலில் இருந்தது. பதினொரு பேரை எட்ட முடியவில்லை. பால் வண்டிக்காரர், நிவாரணம் கொண்டுபோன லாரி டிரைவர், ரேஷன் கடை என்று ஆள் பிடித்துத் துண்டுச் சீட்டு அனுப்பினோம். ஒன்பது பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டு பேர் முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் பார்த்தோம். ஒருத்தியின் புத்தகம், ஹால் டிக்கெட் எல்லாம் தண்ணீரில். ஹால் டிக்கெட்டுக்கு மறுபடி எழுதிக் கொடுத்து வாங்கினோம்.

பஸ் நேரம் ஜனவரியில்தான் மாறியது. அதையும் முதலில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

14 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறாள்: "ஒத்துக்கொண்டேன் அக்கா. ஆனால் சாரிடம் ஒன்று கேட்டேன், இரண்டு பேர் இருக்கலாமா என்று. கடைசி பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், தினம் இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவளும் நானும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை."

அப்பாவிடம் சொல்லிவிடு. வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் வம்பு.

முதல் மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "நடக்கவில்லை" என்று வகுப்பில் வந்து சொல்கிற நாளிலும் இரண்டு பேரும் நில்லுங்கள், அந்த நாள்தான் கஷ்டம். கல்யாணமாகி வருகை குறைந்துபோன ஒருத்திக்காக நான் துறைத்தலைவரிடம் அரைமணி வாதாடித் தோற்றேன். அதை அவளிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் வேறு வழியாகச் சுற்றிப் போனேன். அந்த இரண்டு நாளில் பணம் கட்டுகிற கடைசித் தேதி போய்விட்டது.

21 ஆகஸ்ட்

இன்று தற்செயல் விடுப்பு. வேறு வேலையாகப் போனவள் பழைய நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். பஸ் இன்னும் 1.40-க்குத்தானா என்று பார்க்க ஆசை.

1.40-க்குத்தான். முகப்பில் பிங்க் பூசியிருக்கிறார்கள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கண்டக்டர் ஆளுக்கொரு சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. வெயிலில் நோட்டோடு நிற்கத் தேவையே இல்லை. அந்தக் கணக்கைக் கேட்டுப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் ஒரு மனு போட்டால் போதும்.

பக்கத்தில் ஒரு பிள்ளை, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பஸ் வரும்வரை முனகிக்கொண்டே இருந்தது. காலேஜ் நேரத்தை மாற்றிவிட்டார்களாம், இப்போது வகுப்பு ஒரு மணிக்கே முடிகிறதாம். "நாப்பது நிமிஷம் காயறோம்க்கா. முன்னாடி 1.20-க்கே இருந்துச்சாம். யாரோ ஒரு ரெப்பு எழுதிக் குடுத்து மாத்திட்டாங்களாம்."

யார் என்று நான் சொல்லவில்லை.